‘கடல் புறா’வும் கடற்கொள்ளையர் என்னும் பெயரும்

முன்னுரை

மலைமேல் வாழும் நமக்குக் கடல் நெடுந்தொலைவில் இருப்பதாகத் தோன்றும். ஆயினும் நீலகிரியில் பெய்யும் மழை கீழைக்கடலையும் அறியும்; மேலைக்கடலையும் அறியும். குந்தா ஆறும் மாயாறும் பவானியிற் கலக்கின்றன. பவானி காவிரியிற் கூடுகின்றது. காவிரி பூம்புகாரில் வங்கக்கடலை அடைகின்றது. கூடலூர்ப் பகுதியிலிருந்து மேற்கே இறங்கும் பாண்டியாற்று நீரோ சாலியாற்றிற் கலந்து பேப்பூரில் அரபிக்கடலை அடைகின்றது. அப்பேப்பூர், ‘உரு’ எனப்படும் பெரிய மரக்கலங்களைக் கட்டி அரபு நாட்டவர்க்கு அளித்துப் புகழ்பெற்ற துறை. மலையடிவாரத்து நிலம்பூர்த் தேக்கு அவ்வாற்றில் மிதந்து சென்று கடலோரத்தில் மரக்கலமாயிற்று. எனவே மலைவாழ் மாணவர்க்குக் கடற்கதை அயலான பொருள் அன்று.

தமிழ்ப் புதினங்களுள் கடலையும் வாளையும் ஒருங்கே காட்டிப் பெருந்தொகையான வாசகரைக் கவர்ந்தது சாண்டில்யனின் ‘கடல் புறா’. வாள்வீரன் ஒருவன் கடற்கொள்ளையருடன் கூடிக் கலம் செலுத்திய கதை அது. இத்தகைய கதைகளை இளைஞர் விரும்பிப் படிக்கின்றனர். பெரியோர் பலர் பொழுதுபோக்கு என ஒதுக்குகின்றனர். ஆய்வாளர் சிலர் இலக்கியம் அன்று எனத் தள்ளுகின்றனர். இம்மூன்று நிலைகளையும் விடுத்து, அப்புதினம் எழுப்பும் ஒரு வினாவை மட்டும் ஈண்டு ஆராய்வோம். ஒருவனைக் ‘கடற்கொள்ளையன்’ என்று சொன்னவர் யார்? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

கதையும் தலைவனும்

சாண்டில்யன் (1910–1987) எழுதிய ‘கடல் புறா’ ‘குமுதம்’ இதழில் தொடராக வெளிவந்து, பின்னர் மூன்று பாகங்கள் கொண்ட நூலாயிற்று. கதைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான். புதினம் அவனை இளையபல்லவன் என்றும் அழைக்கும். சமாதான ஓலையுடன் கலிங்கத்தின் பாலூர்த் துறைமுகத்திற்கு வரும் அவன், அங்குத் தமிழர்கள் பகைவராக நடத்தப்படுவதைக் காண்கிறான். கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியை எதிர்ப்படுகிறான். சோழ இளவரசன் அநபாயன், கண்டியத்தேவன், அமீர் என்னும் அரபு மாலுமி ஆகியோருடன் சேர்ந்து போரிடுகிறான். பின்னர் அகூதா என்னும் சீனக் கடற்கொள்ளைத் தலைவனிடம் கடற்போர் பயில்கிறான். சுமத்திரா தீவின் அட்சயமுனையில், பலவர்மனும் மஞ்சளழகியும் வாழும் கொள்ளையர் துறையில் தங்கிக் ‘கடல் புறா’ என்னும் போர்க்கலத்தை உருவாக்குகிறான். ஸ்ரீவிசயப் பேரரசின் கடலாட்சியை எதிர்ப்பதே அக்கலத்தின் பணி.

இங்கே ஒரு கதைநுட்பம் கருதத்தக்கது. நிலத்தில் நிகழும் வீரக்கதையில் தலைவன் தனித்தே வெல்லக்கூடும். ஒரு குதிரையும் ஒரு வாளும் அவனுக்குப் போதும். கடலிலோ நிலைமை வேறு. பாய் விரிப்பவன், சுக்கான் பிடிப்பவன், விண்மீன் நோக்குபவன், நீர் இறைப்பவன் ஆகிய பலர் இன்றி, எத்துணைப் பெரிய வாள்வீரனும் கரையை விட்டு ஒரு காதம் செல்ல இயலாது. ஆகவே கடலுக்குள் புகும் வாள்வீரன் மீண்டும் மாணவனாகிறான். இளையபல்லவன் சீனனிடம் கற்கிறான், அரபியனை நம்புகிறான். மொழியும் சமயமும் வேறான மாந்தர் ஒரே மரத்தளத்தின்மேல் ஒருவர் உயிரை மற்றவர் காக்கின்றனர். வாள்வீச்சைவிட இக்கூட்டுறவே கதைக்கு உயிரூட்டுவது என்பது நம் கருத்து.

வரலாறும் கற்பனையும்

புதினத்தைப் படித்த மாணவர்கள் பலர் அதனையே வரலாறாகக் கொள்வதுண்டு. இரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

கருணாகரத் தொண்டைமான் வரலாற்று மாந்தனே. கி.பி. 1070இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் அவன். ஏறத்தாழ 1110ஐ ஒட்டி நிகழ்ந்த கலிங்கப் போரில் சோழப்படையை நடத்தியவன். செயங்கொண்டாரின் ‘கலிங்கத்துப்பரணி’ பாடும் வெற்றி அவனுடையது. ஆனால் பரணி காட்டும் படை ஆறுகள் பலவற்றைக் கடந்து நிலவழியே செல்லும் படை. தொண்டைமான் கொள்ளையரோடு கடலில் வாழ்ந்தான் என்பதற்குப் பரணியில் இடமில்லை. அகூதாவிடம் பயின்றதும் அட்சயமுனையில் கலம் கட்டியதும் ஆசிரியரின் படைப்பே.

கடற்பின்னணியோ கற்பனை அன்று. 1025ஆம் ஆண்டை ஒட்டி முதலாம் இராசேந்திரன் கடாரத்தின்மேல் கடற்படை செலுத்தினான். வீரராசேந்திரனின் ஏழாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கடாரத்தை வென்று, அடிபணிந்த மன்னனுக்கே அதனை மீள அளித்த செய்தியைக் கூறுகின்றது. புதினத்தின் வித்து இச்செய்தியில் உள்ளது எனலாம். 1077இல் குலோத்துங்கன் காலத்தில் 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனம் சென்றது. 1088ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று சுமத்திராவின் லோபு துவாவில் கிடைத்துள்ளது. அது ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினருடையது. கடலும் மெய், மாந்தனும் மெய். இரண்டையும் இணைத்த முடிச்சே கற்பனை. வரலாற்றுப் புதினத்தை இவ்வாறு பிரித்துப் படிக்கத் தெரிந்தவனை அது ஏமாற்றாது.

அமீர் என்னும் நண்பன்

இப்புதினத்தில் அமீர் வாசகர் நெஞ்சில் நிற்கும் துணைமாந்தன். பேருருவும் பெருஞ்சிரிப்பும் உடையவன். நண்பனுக்காக உயிரையும் தரத் துணிந்தவன். இலட்சக்கணக்கான தமிழ் வாசகர் கைகளில் தவழ்ந்த ஒரு கதையில் அரபு மாலுமி ஒருவன் நம்பிக்கைக்குரிய தோழனாக வருவதை நம் சமுதாய மாணவர்கள் மகிழ்ச்சியோடு சுட்டிக்காட்டுவர். அம்மகிழ்ச்சி நியாயமானதே.

ஆயினும் ஆய்வாளன் அவ்வளவில் நின்றுவிடலாகாது. அரபியன் கதைக்குள் வரவேண்டுமாயின் அவன் கொள்ளையனாகவே வரவேண்டுமா என்ற வினாவும் எழுகின்றது. அக்காலக் கடலோரத்தில் வாழ்ந்த அரபியர் யாவர் என்பதற்குச் செப்பேடு சான்று தருகின்றது. கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு, கொல்லத்தில் இருந்த கிறித்தவப் பள்ளி ஒன்றுக்கு வழங்கப்பட்ட கொடையைப் பற்றியது. அதில் சாட்சிகளாகக் கையொப்பமிட்டோருள் சிலர் கூஃபி அரபு எழுத்தில் தம் பெயரைப் பொறித்துள்ளனர். பகலவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டோரும் உளர். வேற்றுச் சமயத்தார் பெற்ற கொடைக்குச் சாட்சி நிற்கும் அளவுக்கு மதிப்புப் பெற்றிருந்த வணிகர்கள் அவர்கள். அமீரின் அருகே இவ்வணிகர்களையும் நிறுத்திப் பார்ப்பதே முழுமையான பார்வையாகும்.

மொழியும் இதற்குச் சான்று பகர்கின்றது. கப்பலோட்டி என்னும் பொருளில் நாம் வழங்கும் ‘மாலுமி’ என்ற சொல், அரபு மொழியில் ஆசானைக் குறிக்கும் ‘முஅல்லிம்’ என்பதன் திரிபு. ‘சுக்கான்’ என்பதும் அரபுச் சொல்லே. மறுபுறம், ‘கப்பல்’ என்னும் தமிழ்ச்சொல் மலாய் மொழியில் ‘காப்பால்’ என வழங்குகின்றது. ‘அமீர்’ என்பதற்குத் தலைவன் என்பது பொருள். ஐரோப்பியர் தம் கடற்படைத் தலைவனை அழைக்கும் ‘அட்மிரல்’ என்ற பட்டமும் இச்சொல்லின் வழிவந்ததே. கொள்ளையடிப்பவனிடம் எவரும் சுக்கானுக்குப் பெயர் கேட்டுக் கற்பதில்லை. உடனிருந்து தொழில் செய்தவரிடமே கற்பர். அச்சொற்கள் இன்றும் நம் நாவில் உள்ளன.

பெயர் சூட்டியவர் யார்?

தமிழிலக்கியத்தில் கடற்பகை பற்றிய குறிப்பு சங்க காலத்திலேயே உண்டு. கடலிடையே தீவில் வாழ்ந்து கடம்ப மரத்தைக் காவல்மரமாகக் கொண்டோரை வென்று, அம்மரத்தை வெட்டி முரசு செய்த சேரனைப் ‘பதிற்றுப்பத்து’ப் பாடுகின்றது. அன்னோர் கடற்கொள்ளையர் என்று உரைகாரரும் வரலாற்றறிஞரும் கருதுவர். உரோமானிய எழுத்தாளர் பிளினியும் முசிறியின் அருகே கொள்ளையர் உளர் என எச்சரித்துள்ளார். எனவே கடற்கொள்ளை என்பது வெறும் கட்டுக்கதை அன்று. அதனால் உயிரும் பொருளும் இழந்த வணிகர் பலர். ஆனால் கடம்பர் தம் தரப்பைப் பாடிய பாட்டு நமக்குக் கிடைக்கவில்லை. வென்றவனைப் பாடிய பாட்டே நிலைத்தது.

இனி, அரசுகள் கடலில் செய்தது யாது எனக் காண்போம். 1225இல் நூலெழுதிய சீன அதிகாரி சாவ் சூ-குவா, ஸ்ரீவிசயத்தின் துறைக்குள் நுழையாமல் கடந்து செல்லும் வணிகக் கலத்தை அந்நாட்டுப் படகுகள் சூழ்ந்து தாக்கும் எனக் குறிப்பிடுகின்றார். ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகத்திய மன்னன் கணபதிதேவன் 1244ஐ ஒட்டி ஓர் அபய சாசனம் பொறித்தான். புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் சரக்கு முழுவதையும் முந்தைய அரசர்கள் கவர்ந்து வந்தனர் என்றும், தான் உரிய சுங்கம் மட்டுமே பெறுவதாகவும் அதில் அவன் அறிவித்தான். அவ்வாறு அறிவிக்க வேண்டியிருந்தது என்பதே அக்கால நடைமுறையைக் காட்டுகின்றது. முடி சூடியவன் கவர்ந்தால் அதற்குப் பெயர் உரிமை. முடி இல்லாதவன் கவர்ந்தால் அதற்குப் பெயர் கொள்ளை.

திருக்குர்ஆனின் ‘அல்கஹ்ஃபு’ அத்தியாயத்தில் வரும் நிகழ்ச்சி ஈண்டு நினையத்தக்கது. மூஸா நபி (அலை) அவர்களுடன் பயணம் செய்த ஞானவான், கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் மரக்கலத்தைப் பழுதாக்குகிறார். காரணம், பழுதற்ற கலங்களையெல்லாம் வலிந்து கைப்பற்றும் அரசன் ஒருவன் அப்பக்கம் இருந்தான் என்பதே. அந்நிகழ்ச்சியில் கலத்தைக் கவர்பவன் அரசன், இழப்பவர் ஏழைகள். கிறித்தவ அறிஞர் அகஸ்டீனும், அலெக்சாந்தர் முன் நிறுத்தப்பட்ட கொள்ளையன் ஒருவனின் விடையை எடுத்துரைக்கின்றார். சிறு கலத்தால் செய்வதால் தனக்குக் கொள்ளையன் என்ற பெயரும், பெரும்படையால் செய்வதால் அவனுக்கு மன்னன் என்ற பெயரும் வந்தன என்பதே அவ்விடையின் கருத்து. வெவ்வேறு மரபினரும் இவ்வுண்மையை உணர்ந்திருந்தமை தெளிவு.

மேலைக்கடலின் இரு சான்றுகள்

கீழைக்கடலின் கற்பனைக் கதையிலிருந்து மேலைக்கடலின் வரலாற்றுக்கு வருவோம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கினார். அடுத்துச் சில ஆண்டுகளில் போர்ச்சுகீசியர் ‘கர்த்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டு முறையைப் புகுத்தினர். அச்சீட்டு இன்றிச் செல்லும் கலம் எவருடையதாயினும் கைப்பற்றப்படும். பல நூற்றாண்டுகளாக யாரிடமும் சீட்டுப் பெறாமல் கடலில் சென்ற வணிகர், ஒரே தலைமுறையில் குற்றவாளிகள் ஆயினர்.

இதனை எதிர்த்துச் சாமூத்திரி மன்னரின் கடற்படையை நடத்தியவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். நால்வர் வழிவழியாக அப்பட்டம் தாங்கினர். அவர்களின் போர் மலையாளக் கரையோடு நின்றுவிடவில்லை. 1538இல் நம் இராமநாதபுரக் கரையின் வேதாளையில் மரைக்காயர் படைக்கும் போர்ச்சுகீசியர்க்கும் பெரும்போர் நிகழ்ந்தது. அதில் மரைக்காயர் தோற்றனர். ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. பொன்னானியில் வாழ்ந்த ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ அக்காலப் போராட்டத்தைக் கரையோர மக்களின் பக்கம் நின்று பதிவு செய்த நூல்.

இறுதியில் நான்காம் குஞ்ஞாலிக்கும் சாமூத்திரிக்கும் பிணக்கு நேர்ந்தது. சாமூத்திரியும் போர்ச்சுகீசியரும் ஒன்றுகூடி அவரது கோட்டக்கல் கோட்டையை முற்றுகையிட்டனர். 1599இல் முதல் தாக்குதல் தோல்வியுற்றது. 1600இல் குஞ்ஞாலி சாமூத்திரியிடம் சரணடைந்தார். போர்ச்சுகீசியர் அவரைக் கைப்பற்றிக் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றனர். போர்ச்சுகீசிய ஏடுகள் அவரைக் கொள்ளையர் தலைவன் என்றே குறித்தன. இன்று மும்பையிலுள்ள இந்தியக் கடற்படைத் தளம் ஒன்று ‘ஐ.என்.எஸ். குஞ்ஞாலி’ என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது.

இரண்டாம் சான்று மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரே. சாண்டில்யனின் மற்றொரு புதினமாகிய ‘ஜலதீபம்’ இவரைச் சுற்றியே அமைந்தது. இதயசந்திரன் என்னும் தமிழ் வாள்வீரன் கொங்கணக் கரையை அடைந்து அவரது கடற்படையில் சேர்வதாக அக்கதை செல்கின்றது. வாள்வீரன் கற்பனை, ஆங்கரே மெய். ஆங்கிலேயர் அவரைக் கொள்ளையன் என்றனர். 1717இல் விசயதுர்க்கத்தையும், 1718இல் காந்தேரித் தீவையும், 1721இல் போர்ச்சுகீசியருடன் கூடிக் கொலாபாவையும் தாக்கினர். மூன்றிலும் வெற்றி காணவில்லை. 1729இல் அவர் இறக்கும்வரை கோட்டைகள் அவர் வசமே இருந்தன. அவர் பெயராலும் மும்பையில் ‘ஐ.என்.எஸ். ஆங்கரே’ என்னும் தளம் உள்ளது.

ஒரு நூற்றாண்டில் கொள்ளையர் பட்டியலில் இருந்த பெயர் மற்றொரு நூற்றாண்டில் நாட்டின் கடற்படைப் பெயராயிற்று. இடையில் மாறியது அவர்கள் செயல் அன்று. ஏட்டை எழுதும் கையே மாறியது.

இவ்வாறு கூறுவதால் அவர்களைக் குற்றமற்றவராக்குதல் நம் நோக்கம் அன்று. ஆங்கரேயும் தம் சீட்டைப் பெறாத வணிகக் கலங்களைப் பிடித்தார். அவற்றுள் இந்திய வணிகரின் கலங்களும் உண்டு. நான்காம் குஞ்ஞாலி தம் மன்னரோடு பகைத்தமையும் வரலாறே. நம்மவர் என்பதற்காகப் புகழ்வதும், பிறர் சொன்னார் என்பதற்காக இகழ்வதும் ஆராய்ச்சி ஆகா.

மாணவர் கொள்ளத்தக்க முறை

கடற்கதையைப் படிக்கும் மாணவர் மூன்று வினாக்களை மனத்திற் கொள்ளுதல் நலம். முதலாவது, இப்பெயரைச் சூட்டியவர் யார்? அவருக்கு அக்கடலில் என்ன ஆதாயம் இருந்தது? இரண்டாவது, கவரப்பட்ட சரக்கு யாருடையது? அரசனுடையதா, ஏழை மாலுமியுடையதா? மூன்றாவது, கொள்ளையன் எனப்பட்டவனின் தரப்பைச் சொல்லும் சான்று ஏதேனும் உண்டா? செப்பேடாகவோ, அரபு நூலாகவோ, ஊர்வழக்காகவோ அது கிடைக்கலாம்.

இதற்குத் துணையாகச் சில பணிகளையும் மேற்கொள்ளலாம். ‘கடல் புறா’வைப் படித்தவர் ‘கலிங்கத்துப்பரணி’யின் படையெழுச்சிப் பகுதியையும் உடன்வைத்துப் படிக்கட்டும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய ஊர்களில் உறவினர் உள்ளோர், அங்குள்ள முதியோர் நாவில் வழங்கும் கப்பற் சொற்களைத் திரட்டட்டும். கூடலூர், பந்தலூர்ப் பகுதி மாணவர்கள் தம் மண்ணையே எண்ணிப் பார்க்கலாம். அப்பகுதி ஒருகாலத்தில் வயநாட்டைச் சேர்ந்திருந்தது. வயநாட்டுக் காடுகளில் கும்பினியை எதிர்த்து 1805இல் உயிர்நீத்த பழசி ராசாவைக் கும்பினி ஏடுகள் கலகக்காரர் என்றே எழுதின. கடலில் கொள்ளையன் என்ற சொல் செய்த வேலையை மலையில் கலகக்காரன் என்ற சொல் செய்தது.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கதைப் புத்தகம் படிப்பதைத் தடுக்க வேண்டா. படித்து முடித்தபின் அருகழைத்து, இதில் எது நடந்தது, எது புனைந்தது என்று கேட்டால் போதும். விடை தெரியாவிடில் அவர்கள் நூலகம் செல்வர். அங்கே தொடங்குவதே கல்வி.

முடிவுரை

‘கடல் புறா’ வரலாறு அன்று; எனினும் வரலாற்றை நோக்கி வாசகனை நடத்தவல்ல புதினம். அதன் வாள்வீரன் கொள்ளையர் கலத்தில் ஏறியபோது அங்கே கண்டது அரக்கரை அல்லர்; தொழில் அறிந்த, நட்பு அறிந்த மாந்தரையே. அப்பார்வையை ஆசிரியர் கதைக்குள் வைத்தார். கதைக்கு வெளியே அதனைக் கொண்டுவருதல் வாசகர் கடன்.

இது பழங்கதை பற்றிய வினா மட்டும் அன்று. ஒரு மனிதன்மீதோ ஓர் ஊரின்மீதோ ஒரு சமுதாயத்தின்மீதோ ஒட்டப்படும் பெயர் எளிதில் நீங்குவதில்லை. தாத்தாவுக்குச் சூட்டிய பெயரைப் பேரனும் சுமக்கிறான். வேலை கேட்டுச் செல்லும் இடத்திலும் வாடகைக்கு வீடு கேட்கும் வாயிலிலும் அப்பெயர் அவனுக்கு முன்னே போய் நிற்கின்றது. சொல்லின் பொருளை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்ட தமிழ் மாணவனே, அச்சொல்லைச் சொன்னவர் யார் என்று முதலில் கேட்க வேண்டியவன். பிறர் நம்மைப் பற்றிச் சொல்லும் பெயருக்கு மட்டுமன்றி, நாம் பிறரைப் பற்றிச் சொல்லும் பெயருக்கும் அவ்வினா பொருந்தும்.